கும்மந்தான் கேட்ட பதவி

மருதநாயகம் என்றவுடன் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது சினிமாதான். 1997 அக்டோபரில் எலிசபெத் ராணியே சென்னைக்கு வந்து, கமல்ஹாசன் எடுக்கவிருந்த படத்தின் தொடக்க விழாவில் கலந்து கொண்டார். ஊரே பேசியது. படம் மட்டும் வரவில்லை! அந்தப் படத்துக்கு உரிய மனிதர் நம்ம மதுரைக்காரர், நாம் தினமும் பஸ் ஏறி இறங்குகிற பெரியார் நிலையத்தைச் சுற்றித்தான் அவருடைய கடைசி யுத்தம் நடந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நண்பர்களே, அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே கட்சி. ஒரு கட்சி அவரை வெள்ளையனை எதிர்த்த மாவீரன் என்று தலையில் தூக்கி வைக்கும். இன்னொரு கட்சி பூலித்தேவரை ஒடுக்கிய கம்பெனி அடிமை என்று திட்டும். இரண்டு பக்கமும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விஷயம் கிடக்கிறது. அதை ஏனோ யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அந்த மனிதர் தன் உழைப்புக்கு ஏற்ற ஒரு பதவி கேட்டார். கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதன் விளைவுதான் என்பது என் எண்ணம்.

1725 வாக்கில் ராமநாதபுரம் சீமையிலுள்ள பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் என்று சொல்கிறார்கள். பெயர் மருதநாயகம். இளம் வயதிலேயே வீட்டை விட்டுப் போய், இஸ்லாத்தில் சேர்ந்து, முகமது யூசுப்கான் ஆனார். பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரர்களிடம் எடுபிடி வேலை பார்த்தார் என்றும் சொல்வதுண்டு. நெல்லூரில் படிப்படியாக ஏறி சுபேதார் ஆனதால் நெல்லூர் சுபேதார் என்ற பெயரும் ஒட்டிக் கொண்டது. இந்தப் பகுதியில் செவிவழிக் கதை நிறைய கலந்திருப்பதால் வேகமாகத் தாண்டிப் போவோம்.

உறுதியான சரித்திரம் 1752 வாக்கில் தொடங்குகிறது. அன்றைய நிலைமை இதுதான். ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. சந்தா சாகிப் பின்னால் பிரெஞ்சுக்காரன், முகமது அலி பின்னால் இங்கிலீஷ்காரன். சண்டைக்களம் திருச்சிராப்பள்ளி. யூசுப்கான் இங்கிலீஷ் கம்பெனியின் சிப்பாய்ப் படையில், ராபர்ட் கிளைவின் கீழும் பிறகு மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸின் கீழும் வேலை பார்த்தார். முற்றுகையில் கிடக்கிற ஒரு பெரிய பட்டாளத்துக்கு வேண்டியது வீரம் மட்டுமல்ல. அரிசி வேண்டும், மாடு வேண்டும், எந்த ஆற்றில் எந்த நாளில் எவ்வளவு தண்ணி ஓடும் என்று தெரிய வேண்டும். இதெல்லாம் தெரிந்த ஆள் யூசுப்கான். எதிரி கண்ணில் படாமல் இரவோடு இரவாகத் தானிய வண்டிகளைக் கொண்டு வந்து சேர்ப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. தைரியம், ஊர் வழியெல்லாம் அத்துபடி... லாரன்ஸ் அவரைப் பற்றி எழுதி வைத்திருப்பதன் சாரம் இது.

அதே திருச்சியில் 1754-ல் ஒரு விபரீதம் நடந்தது. மைசூர்க்காரர்கள் அப்போது எதிர்த் தரப்பு. அவர்களோடு சேர்ந்து கோட்டையைக் காட்டிக் கொடுக்க யூசுப்கான் சம்மதித்து விட்டார் என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு கடிதம் அகப்பட்டது. உயிரைக் கொடுத்துச் சண்டை போட்ட அதே படைக்குள்ளேயே ராஜத்துரோகி என்று பிடித்துக் காவலில் வைத்து விட்டார்கள். எதிரி பிடித்தால் போர்க்கைதி என்ற மரியாதையாவது இருக்கும். சொந்தப் பாசறையில் கைதியானவனுக்கு அது கூட இல்லை. பீரங்கி வாயில் கட்டிச் சுடுவதுதான் அன்றைய தண்டனை. விசாரணை நடந்தது. கடிதம் பொய், அதை ஜோடித்தவன் லாரன்ஸிடமே துபாஷியாக இருந்த பொன்னியப்பன் என்று கண்டுபிடித்தார்கள். பொன்னியப்பன் பீரங்கி வாயில் செத்தான். யூசுப்கான் வெளியே வந்தார்.

வந்த பிறகு கம்பெனி தாராளமாகவே நடந்து கொண்டது. தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். கம்பெனிச் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் கமாண்டன்ட் என்ற பதவியும் கொடுத்தார்கள். இந்தக் கமாண்டன்ட் என்ற வார்த்தைதான் நம்ம ஜனங்கள் வாயில் கும்மந்தான் ஆனது. கும்மந்தான் கான்சாகிபு என்றால் பாண்டிய நாடு முழுக்கத் தெரியும். கான்சாகிபு சண்டை என்று தனியாக ஒரு கதைப்பாட்டே தமிழில் உண்டு.

சரி, கமாண்டன்ட் என்றால் எவ்வளவு பெரிய பதவி? இங்கேதான் சூட்சுமம். நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார், அதற்கும் மேலே கமாண்டன்ட். நம்ம நாட்டு ஆள் ஏறக்கூடிய ஏணியில் கடைசிப் படி அது. அதற்கு மேல் வேறொரு ஏணி இருந்தது. அது வெள்ளைக்காரனுக்கு மட்டும். நேற்றுக் கப்பலில் வந்து இறங்கிய இளவட்டமாக இருந்தாலும் சரி, அவன் அந்த ஏணியின் அடிப்படியில் நின்று கொண்டே இந்த ஏணியின் உச்சியில் இருப்பவரை அதிகாரம் பண்ணலாம். 1759 வாக்கில் சென்னைக் கம்பெனி சிப்பாய்களைப் பட்டாலியன்களாகப் பிரித்தபோது இந்த வித்தியாசம் இன்னும் கெட்டியானது. பட்டாலியனுக்கு ஒரு நாட்டுக் கமாண்டன்ட் இருப்பார், ஆனால் உத்தரவு ஐரோப்பிய ஆபீசரிடமிருந்து வரும். தொழிற்சாலையில் இருபது வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டிய சூப்பர்வைசருக்கு மேலே, புதுசாக வந்த ஒருத்தரை இன்ஜினீயர் என்று உட்கார வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். டிப்ளமோ படிக்கிற நமக்கு நன்றாகவே புரியும்.

இந்தச் சுவர் எவ்வளவு காலம் நின்றது தெரியுமா? முதல் உலகப் போரின் கடைசிக் கட்டம் வரை. அப்போதுதான் இந்தியர்களுக்கு ராஜாவின் கமிஷன் கிடைக்கும் வழி திறந்தது. யூசுப்கான் காலத்திலிருந்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலே! திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலத்து ஜமீன் குடும்பத்தில் பிறந்த பி.பி.குமாரமங்கலம் 1942-ல் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டு, இத்தாலியிலும் ஜெர்மனியிலும் போர்க்கைதியாக இருந்தவர். அவர் 1966-ல் சுதந்திர இந்தியாவின் தரைப்படைத் தளபதியே ஆனார். கைதியாக இருந்தது அவர் உயர்வுக்குத் தடையாகவில்லை. ஆனால் யூசுப்கான் பிறந்தது அதற்கு இருநூறு வருஷம் முன்னால்.

மதுரைக்கு வருவோம். 1755-ல் கர்னல் ஹெரான் என்பவரோடு யூசுப்கானும் நம்ம சீமைக்கு வந்தார். வரி வசூல்தான் நோக்கம். ஹெரானின் படை கோவில்குடியில் கோயிலைச் சூறையாடி விக்கிரகங்களைத் தூக்கிக் கொண்டு போனது. திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் வளைத்துக் கொண்டு செம்மையாகக் கொடுத்து, விக்கிரகங்களை மீட்டார்கள். ஹெரான் லஞ்சம் வாங்கினார் என்று ராணுவ விசாரணை நடந்து வேலையை விட்டே நீக்கினார்கள். கர்னல் செய்த காரியத்தால் ஊரில் ஏற்பட்ட பகையைப் பின்னால் வந்து சமாளிக்க வேண்டியவர் கமாண்டன்ட். 1756-ல் யூசுப்கானை மறுபடி மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரைக் கோட்டையே அப்போது எதிராளிகள் கையில் இருந்தது. அடுத்த வருஷம் செப்டம்பரில் கேப்டன் காலியாடு கோட்டையை வாங்கினார்... ஆமாம், வாங்கினார்! உள்ளே இருந்தவர்களுக்கு 1,70,000 ரூபாய் கொடுத்த பிறகுதான் கதவு திறந்தது. மதுரைக் கோட்டை சண்டையை விடப் பணத்துக்கும் துரோகத்துக்கும் சுலபமாகத் திறக்கும் என்பது ஏழு வருஷம் கழித்து மறுபடி தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது கம்பெனிக்கு மதுரைக்காரரின் ஞாபகம் வந்தது. யூசுப்கான் படையோடு வடக்கே போனார். செங்கல்பட்டை மையமாக வைத்துக் கொண்டு, லாலியின் பட்டாளத்துக்குப் போகிற தானியம், மாடு எல்லாவற்றையும் மடக்கினார். அவரோடு தோளோடு தோள் நின்றவர் கேப்டன் பிரஸ்டன் என்ற வெள்ளைக்காரர். 1759 பிப்ரவரியில் பரங்கிமலையில் பெரிய சண்டை. அதே மாதம் லாலி முற்றுகையை விட்டுப் போனார். கம்பெனியின் சென்னை பிழைத்ததில் கும்மந்தானுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதைக் கம்பெனிக்காரர்களே ஒப்புக் கொண்டார்கள். பிரஸ்டன் பெயரை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

அதே வருஷம் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நிர்வாகியாகத் திரும்பினார். இந்த மூன்று நான்கு வருஷ ஆட்சியைப் பற்றித்தான் நம்ம பாடப் புத்தகங்கள் பேசுவதே இல்லை. பிடுங்கப்பட்டிருந்த கோயில் நிலங்களை மீட்டு, மீனாட்சியம்மன் கோயில் பூஜைகள் தடையில்லாமல் நடக்க வழி செய்தார். தானே மதம் மாறியவர் என்பதால் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கண்மாய்களைச் செப்பனிட்டார். நெசவாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் ஆதரவு கொடுத்தார். கொள்ளைக்காரர்கள் பயமின்றி ரோட்டில் போக முடிந்தது. திண்டுக்கல்லில் இருந்த மைசூர்ப் படை வத்தலக்குண்டைப் பிடித்தபோது போய் மீட்டு வந்தார். பட்டாளத்தையும் கோட்டையையும் பலப்படுத்தினார். பட்டறை நடத்துவது, வெடிமருந்து சேர்ப்பது, அகழியைச் சீர் செய்வது என்று மெக்கானிக்கல், சிவில் இரண்டு டிபார்ட்மென்ட் வேலையும் ஒரே ஆள் பார்த்திருக்கிறார்!

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பாளையக்காரர்களை அவர் இரும்புக் கையால் நசுக்கினார். நெற்கட்டும்செவல் பூலித்தேவரோடு வருஷக் கணக்கில் சண்டை போட்டு, 1761-ல் வாசுதேவநல்லூர் உள்ளிட்ட கோட்டைகளைப் பிடித்தார். சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் அவரைக் கண்டாலே ஆகாது. யாருக்காக அந்தச் சண்டை? கம்பெனிக்காக. அதனால் தெற்கத்திச் சீமையில் இன்றைக்கும் சிலர் அவர் பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பதில் தப்பு காண முடியாது.

இப்போது பதவி விஷயம். யூசுப்கான் நிர்வாகம் பண்ணுகிற சீமை சட்டப்படி யாருடையது? நவாப் முகமது அலியுடையது. அந்த நவாபை நாற்காலியில் உட்கார வைக்கச் சண்டை போட்டவர்களில் முதல் வரிசை யூசுப்கான். அந்த நவாபுக்கே இவர் மேல் பொறாமையும் பயமும். வரிப்பணம் தன் பெயரில்தான் வர வேண்டும், யூசுப்கான் தன் வேலைக்காரன் என்று சொல்லிக் கொண்டே இருந்தார். நவாப் கம்பெனிக்குப் பெரும் கடன்காரர். கடன்காரனை விட்டுக் கொடுக்க எந்த வட்டிக்கடைக்காரனும் விரும்ப மாட்டான். கவர்னர் பிகாட், நவாப் சொல்படி நடந்து கொள்ளும்படி யூசுப்கானுக்குப் புத்தி சொன்னார்.

யூசுப்கான் கேட்டது அதிகமில்லை. நடுவில் நவாப் வேண்டாம், நேரடியாகக் கம்பெனியிடமிருந்தே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை எனக்குக் குத்தகைக்கு விடுங்கள், ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் கட்டுகிறேன், நாலு வருஷத்துக்குக் கொடுங்கள் என்பதே. 1761-ல் கேட்டார். மறுத்தார்கள். 1762-லும் கேட்டார். மறுத்தார்கள். வெறும் குத்தகை மனுதானே என்று நினைக்காதீர்கள். பத்து வருஷம் ரத்தம் சிந்தியதற்கு அவர் கேட்ட பிரமோஷன் அது. ராணுவ ஏணியில் இனி ஏற இடமில்லை என்று தெரிந்த மனிதர், சிவில் ஏணியிலாவது ஒரு படி மேலே, கம்பெனிக்கு நேர் கீழே, தனி ஆளாக நிற்க ஆசைப்பட்டார். பணமும் கட்டுவதாகச் சொன்னார். நாணயத்தில் சந்தேகமில்லை, திறமையில் சந்தேகமில்லை. என்ன குறை கண்டார்கள்? வேலைக்காரன் வேலைக்காரனாகவே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவருடைய பழைய மேலதிகாரிகள் என்ன ஆனார்கள்? கிளைவ் இங்கிலாந்துக்குப் போய் அங்கே லார்டு பட்டம் வாங்கிக் கொண்டிருந்தார். லாரன்ஸ் சென்னைப் படைக்கே தலைவர். திருச்சியில் ஒன்றாகக் கிடந்தவர்களில் மேலே போகாமல் நின்றவர் இவர் ஒருவர்தான்.

அதற்கப்புறம் யூசுப்கான் ஆள் சேர்க்க ஆரம்பித்தார். 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்ததால் வேலையிழந்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் நிறையப் பேர் ஊர் சுற்றிக் கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் மதுரைக்கு வந்தார்கள், மார்ச்சந்த் என்ற பிரெஞ்சுக்காரர் தலைமையில். சிவகங்கைப் பிரதானி தாண்டவராய பிள்ளையும் ராமநாதபுரம் தளவாய் தாமோதரம் பிள்ளையும் திருச்சிக்குப் போய் நவாபிடம் புகார் சொன்னார்கள். சென்னைக்கு வந்து விளக்கம் சொல்லும்படி கம்பெனி கூப்பிட்டது. போகவில்லை. 1754-ல் சொந்தப் பாசறையிலேயே கைதியானவர் இன்னொரு முறை நம்பிப் போவாரா? நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன். 1763-ல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. அதே வருஷம் எங்கேயோ பாரிஸில் பிரெஞ்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் சமாதான ஒப்பந்தம் போட்டு, முகமது அலிதான் கர்நாடகத்தின் சட்டப்படியான நவாப் என்று எழுதி விட்டார்கள். மதுரையில் ஒருத்தர் தலைவிதி எழுதப்பட்டது அங்கே!

1763 ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் முற்றுகை தொடங்கியது. பெருத்த சேதத்தோடு, மழைக்காலத்தில் கம்பெனிப் படை பின்வாங்கியது. 1764 தொடக்கத்தில் மறுபடி வந்தார்கள். இன்றைக்கு வெளிவீதிகள் இருக்கிற வட்டத்தில்தான் அந்தக் காலத்துக் கோட்டை மதிலும் அகழியும். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்துத் தெருவாக்கினார். பெரியார் நிலையத்துக்குப் பக்கத்தில் மட்டும் பழைய கோட்டையின் ஒரு துண்டு தப்பி நிற்கிறது. 1764 ஜூன் கடைசியில் அந்த மதில் மேல் ஏறிப் பிடிக்கப் பெரிய முயற்சி நடந்தது. யூசுப்கானின் ஆட்கள் அடித்துத் தள்ளினார்கள். அதில் படுகாயம் பட்டுச் செத்தவர் மேஜர் பிரஸ்டன். செங்கல்பட்டில் தோளோடு தோள் நின்ற அதே பிரஸ்டன்தான். ஐந்து வருஷத்தில் அவர் கேப்டனிலிருந்து மேஜர் ஆகியிருந்தார். எதிரே மதிலுக்குள் நின்றவர் இன்னும் கமாண்டன்ட்.

சண்டையில் முடியாது என்று தெரிந்ததும் மேஜர் சார்லஸ் காம்ப்பெல் வழிகளையெல்லாம் அடைத்துப் பட்டினி போட்டார். எதிரிக்குப் போகிற தானியத்தை மடக்குவது யாருடைய வித்தை? அதே வித்தையை அவர் மேலேயே திருப்பினார்கள். கோட்டைக்குள்ளே சோறில்லாமல் தவித்தார்கள். சரணடையலாம் என்று மார்ச்சந்த் வாதாடினார். ஆத்திரத்தில் யூசுப்கான் அவரைச் சவுக்கால் அடித்து விட்டார் என்று சொல்கிறார்கள். அது போதுமே. மார்ச்சந்தும் திவான் சீனிவாசராவும் கூடிப் பேசினார்கள். 1764 அக்டோபர் 13-ம் தேதி, யூசுப்கான் தொழுகையில் இருந்த நேரம் பாய்ந்து பிடித்து, அவர் தலைப்பாகைத் துணியாலேயே கட்டிப் போட்டு, கோட்டைக்கு வெளியே ஒப்படைத்து விட்டார்கள். இரண்டாவது முறையும் அவரைக் கைதியாக்கியவர்கள் கூட இருந்தவர்களே.

போரில் தோற்ற தளபதியைப் போர்க்கைதியாக வைத்துக் காப்பாற்றுவது ஐரோப்பியர்கள் தங்களுக்குள் கடைப்பிடித்த வழக்கம். லாலியைக் கூடக் கைதியாக இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். கம்பெனி யூசுப்கானுக்கு அந்த மரியாதையைத் தரவில்லை. அவர் நவாபின் வேலைக்காரர், கலகக்காரர், ஆகவே நவாபிடம் ஒப்படைத்து விட்டோம் என்று கை கழுவியது. அக்டோபர் 15-ம் தேதி மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில், பாசறைக்குப் பக்கத்தில் தூக்கில் போட்டார்கள். கயிறு இரண்டு முறை அறுந்தது, மூன்றாம் முறைதான் உயிர் போனது என்று ஜனங்கள் சொல்வார்கள். செத்த பிறகும் பயம் தீராமல் உடலைத் துண்டு துண்டாக்கித் தலையைத் திருச்சிக்கும், கை கால்களை வேறு வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள் என்றும் சொல்வார்கள். அவர் மனைவி மாசா, போர்ச்சுக்கீசிய வம்சாவளிப் பெண். சிறு குழந்தையோடு விதவையானார்.

உடல் புதைத்த இடத்தில் 1808-ல் ஷேக் இமாம் என்பவர் சின்னதாக ஒரு பள்ளிவாசல் எழுப்பினார். கான்சாகிபு பள்ளிவாசல் என்பார்கள். காளவாசலிலிருந்து நடந்தே போய்விடலாம். ஊருக்குள்ளே கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது. வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் என்று ஒரு ஊரே இருக்கிறது. இரண்டும் அவர் பெயர்தான். அந்தத் தெருவிலேயே குடியிருந்து தினமும் நம்ம கூட பஸ்ஸில் வருகிற நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், கான்சா யாரென்று எத்தனை பேர் சொல்கிறார்கள் பார்ப்போம்.